தலையில் அடிபட்ட பின்னும் பந்தாடலாமா?

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது நம் முன்னோர் வாக்கு. கையில் காயம் பட்டால் கட்டுப் போடுகிறோம். காலில் சுளுக்கு ஏற்பட்டால் எண்ணெய் தடவி, இரண்டு நாள் ஓய்வு கொடுக்கிறோம். ஆனால், எல்லா உறுப்புகளுக்கும் தலைமை தாங்கும் சிரசில் அடி விழுந்தால் மட்டும், முகத்தில் தண்ணீரைத் தெளித்து, "ஒன்றுமில்லை, எழுந்து ஆடு" என்று சொல்லி விடுகிறோம். இது சரிதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆற்றால் பெருநிலத்திலிருந்து பிரிக்கப்பட்டு, கடலோரமாக அமைந்திருப்பது கேரி தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குத் தோட்டம் திறந்த கேரி என்னும் ஆங்கிலேயரின் பெயரே இத்தீவுக்கு நிலைத்து விட்டது. கடல் நீர் உட்புகாமல் தடுக்கும் கரைகளுக்குள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனை மரங்கள். அவற்றின் நடுவே தோட்டக் குடியிருப்புகள், கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள். நம் நாட்டின் மற்றத் தோட்டங்களைப் போன்றே இங்கும் மக்களை ஒன்று சேர்க்கும் இடம் திடல்தான். வேலை முடிந்த மாலையிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், திருவிழாக் காலப் போட்டிகளிலும் காற்பந்து ஆடாத இளைஞர் குறைவு. அன்று அப்பா ஆடிய திடலில் இன்று மகன் ஆடுகிறான்.

காற்பந்து உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் தரும் விளையாட்டு. இளைஞரைத் தீய பழக்கங்களினின்றும் விலக்கி வைப்பது. ஆகவே, இக்கட்டுரையைப் படித்து விட்டுப் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்ப எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அறிந்து கொள்ள வேண்டியது ஒன்றே: தலையில் அடிபட்டவரை எப்போது திடலை விட்டு வெளியேற்ற வேண்டும்? மீண்டும் எப்போது அனுமதிக்க வேண்டும்?

மூளை அதிர்ச்சி என்பது யாது?

வயது வந்தவரின் மூளை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ எடையுள்ளது. கெட்டித் தயிரைப் போன்று மிருதுவானது. மண்டை ஓட்டுக்குள்ளே ஒரு வகை நீரில் அது மிதந்து கொண்டிருக்கிறது. ஓடும் லாரி திடீரென்று நின்றால் பின்னால் நிற்பவர்கள் முன்னோக்கிச் சாய்கிறார்கள் அல்லவா? அதுபோலவே, தலை வேகமாக எதிலேனும் மோதும்போதும், சட்டென்று ஒரு பக்கம் திரும்பும்போதும், உள்ளேயிருக்கும் மூளை குலுங்குகிறது, முறுக்கவும் படுகிறது. அப்போது மூளையின் நுண்ணிய நரம்பு இழைகள் இழுபடுகின்றன. நரம்பணுக்களில் உள்ள உப்புச் சத்துகளின் சமநிலை கெடுகிறது. அதைச் சீர்செய்ய மூளைக்கு மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது. ஆனால், அதே வேளையில் அந்த ஆற்றலைப் பெறும் திறன் குறைந்து விடுகிறது. இதையே மருத்துவர்கள் மூளை அதிர்ச்சி என்கின்றனர்.

இதில் மூன்று செய்திகளை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது, மூளை அதிர்ச்சி ஏற்படத் தலையில்தான் அடிபட வேண்டும் என்பதில்லை. மார்பிலோ தோளிலோ பலமாக இடிபட்டு, தலை வெடுக்கென்று ஆடினாலும் ஏற்படலாம்.

இரண்டாவது, மயக்கம் போட்டு விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று எண்ணுவது பெருந்தவறு. மூளை அதிர்ச்சிக்கு உள்ளானவர்களுள் பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை. பெரும்பாலோர் எழுந்து நிற்பர், பேசுவர், ஓடவும் செய்வர்.

மூன்றாவது, இது வெளியே தெரியாத காயம். இரத்தமில்லை, வீக்கமும் இல்லாதிருக்கலாம். மருத்துவமனையில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் படத்திலும் இது பெரும்பாலும் தெரியாது. மூளையில் இரத்தக் கசிவு உண்டா, எலும்பு உடைந்துள்ளதா என்பதைப் பார்க்கவே அப்படம் எடுக்கப்படுகிறது. "படம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்று சொல்லி விட்டார்கள்" என்பதால், மறுநாளே ஆடலாம் என்று பொருள் கொள்ளக்கூடாது.

உலகறிந்த சில நிகழ்ச்சிகள்

2014-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள், பிரேசில் நாட்டின் மரக்கானா அரங்கில் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. ஜெர்மனியின் இளம் ஆட்டக்காரர் கிறிஸ்டோப் கிராமர், ஆட்டம் தொடங்கிய கால் மணி நேரத்தில் அர்ஜெண்டினா ஆட்டக்காரர் ஒருவரின் தோளில் முகம் மோதி விழுந்தார். சிகிச்சைக்குப் பின் எழுந்து தொடர்ந்து ஆடினார். சிறிது நேரத்தில் நடுவரிடம் சென்று, இது இறுதியாட்டந்தானா என்று வினவினார். திடுக்கிட்ட நடுவர், ஜெர்மானியக் குழுவினரிடம் அதனைத் தெரிவித்தார். 31-ஆம் நிமிடத்தில் கிராமர் வெளியேற்றப்பட்டார். அடிபட்டதற்கும் வெளியேறியதற்கும் இடையே அவர் ஏறத்தாழ 14 நிமிடங்கள் ஆடினார். தம் வாழ்வின் மிகப் பெரிய ஆட்டத்தின் அந்தப் பகுதி தமக்கு நினைவில்லை என்று அவரே பின்னர் கூறினார்.

எண்ணிப் பாருங்கள்! உலகின் தலைசிறந்த மருத்துவர்கள் திடலோரத்தில் இருந்த ஆட்டத்திலேயே இப்படி நேர்ந்தது. பழுதடைந்த மூளையைக் கொண்டே, "எனக்குப் பழுதில்லை" என்று ஒருவர் சொல்லுவதை நம்ப இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மற்றொரு நிகழ்ச்சி கிரிக்கெட்டைச் சார்ந்தது. 2019 ஆகஸ்ட் 17-ஆம் நாள், லண்டன் லார்ட்ஸ் அரங்கில், ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் பந்து பட்டு விழுந்தார். பரிசோதனைகளில் தேறினார். முக்கால் மணி நேரத்திற்குப் பின் மீண்டும் வந்து மட்டை பிடித்தார். ஆனால், மறுநாள் காலையில் மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் தோன்றின. ஆட்டத்தினின்றும் விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக லபுஷேன் களமிறங்கினார். டெஸ்ட் கிரிக்கெட்டில் மூளை அதிர்ச்சிக்காக மாற்று ஆட்டக்காரர் இறக்கப்பட்டது அதுவே முதல் முறை. அறிகுறிகள் சிலருக்கு உடனே தோன்றாமல், ஒரு நாள் அல்லது இரண்டு நாள் கழித்தும் தோன்றும் என்பதை இந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது. மருத்துவர் பரிசோதித்தும் அன்று தெரியாதது, மருத்துவரே இல்லாத தோட்டத் திடலில் நமக்குத் தெரிந்து விடுமா?

கோல்காவலர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாய்ந்து விழும் கோல்காவலரின் தலை, ஓடி வருபவர்களின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. 2006 அக்டோபர் 14-ஆம் நாள், செல்சி குழுவின் கோல்காவலர் பீட்டர் செக் தலையில் எதிரணியினரின் முழங்கால் மோதியதில் மண்டையோடு உள்ளமுங்கி உடைந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின், 2007 ஜனவரியில் தலைக்கவசம் அணிந்து அவர் மீண்டும் ஆடினார். அண்டை நாடான இந்தோனேசியாவில், 2017 அக்டோபர் 15-ஆம் நாள், பெர்செலா லாமோங்கான் குழுவின் கோல்காவலர் சோய்ருல் ஹுடா, பந்தைப் பிடிக்க முயன்றபோது மோதுண்டு உயிரிழந்தார். அவர் மீது மோதியவர் எதிரணியினர் அல்லர். அவருடைய சொந்தக் குழுவினரே. யாரும் யாரையும் தாக்காமலேயே இத்தகைய விபத்துகள் நேரக்கூடும்.

இங்கு ஒன்று சொல்ல வேண்டும். செக் அணிந்தது போன்ற கவசம் எலும்பைக் காக்க உதவலாம். ஆனால், உள்ளே மூளை குலுங்குவதை அது தடுக்காது. எனவே, கவசம் அணிந்தவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்படாது என்று எண்ணுவது தவறு.

இரண்டாவது அடியே பேராபத்து

"கொஞ்ச நேரந்தானே, ஆட்டம் முடியும் வரை ஆடட்டுமே" என்று கேட்பவர்கள் உண்டு. இதனால் என்ன தீங்கு விளையும்?

முதலாவதாக, அடிபட்டவரின் பார்வையும் நிதானமும் குறைந்திருக்கும். வரும் பந்தையும் வரும் ஆளையும் அவர் சரியாகக் கணிக்க மாட்டார். மீண்டும் அடிபடும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டாவதாக, தொடர்ந்து ஆடியவர்கள், உடனே வெளியேறியவர்களைவிடக் குணமடைய அதிக நாள் எடுத்துக் கொள்வது ஆய்வுகளிலிருந்து தெரிய வருகிறது. பத்து நிமிடம் ஆடப் போய்ப் பல வாரம் உட்கார நேரிடுகிறது.

மூன்றாவது காரணமே மிகக் கொடியது. முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், அது சிறிய அடியாக இருந்தாலும், மூளை சடுதியில் வீங்கி விடலாம். மண்டையோட்டுக்குள் வீக்கத்திற்கு இடமேது? சில நிமிடங்களில் உயிர் ஊசலாடும். இது அரிதாக நேர்வதே. ஆயினும், நேரும்போது பெரும்பாலும் பலியாவோர் பள்ளிப் பருவத்தினரும் இருபது வயதுக்குட்பட்டவர்களுமே. 2011 ஜனவரியில் வட அயர்லாந்தில், பள்ளிகளுக்கிடையிலான ரக்பி ஆட்டத்தில் 14 வயது மாணவன் ஒருவன் தலையில் அடிபட்டும் தொடர்ந்து ஆடினான். ஆட்டத்தின் இறுதியில் சுருண்டு விழுந்தான். இரண்டு நாளில் மரணமுற்றான். அடுத்தடுத்து விழுந்த அடிகளே காரணம் என மரண விசாரணையில் முடிவு கூறப்பட்டது. அவனுடைய பெற்றோர் விடாது மேற்கொண்ட முயற்சியின் விளைவாகவே, பிரிட்டனில் அடித்தள விளையாட்டுகளுக்கெல்லாம் பொதுவான மூளை அதிர்ச்சி விதிகள் பிறந்தன.

எழுந்து நடந்தவர் பின்னர் வீழ்வது ஏன்?

மூளை அதிர்ச்சியினும் வேறான ஆபத்து ஒன்றுண்டு. அடிபட்ட இடத்தில், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே இரத்தக் குழாய் கிழிந்து, இரத்தம் சிறுகச் சிறுகச் சேர்வதுண்டு. இத்தகையவர் முதலில் சற்று மயங்கித் தெளிவார், சிரித்துப் பேசுவார், வீட்டுக்கும் சென்று விடுவார். சில மணி நேரம் கழித்துத் தலைவலி மிகும், வாந்தி வரும், உறக்கம் போன்றதொரு மயக்கத்தில் ஆழ்ந்து விடுவார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று வீட்டார் நிம்மதி அடைந்திருக்கும் வேளையில்தான் உண்மையான ஆபத்து உள்ளே வளர்ந்து கொண்டிருக்கும். காலத்தே அறுவைச் சிகிச்சை செய்தால் இவரைக் காப்பாற்றலாம், தாமதித்தால் இயலாது.

கேரி தீவு போன்ற இடங்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தோட்டத்தின் உட்பகுதியிலிருந்து செம்மண் பாதைகளைக் கடந்து, பாலத்தின் வழியே தெலுக் பங்லிமா காராங் வந்து, அங்கிருந்து பந்திங் மருத்துவமனைக்கோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ போய்ச் சேர வேண்டும். நகரத்தில் இருப்பவர் காத்திருந்து பார்க்கும் நேரத்தில், நாம் புறப்பட்டிருக்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்காண்பனவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் 999 என்ற எண்ணுக்கு அழைக்கவும்; அல்லது கிடைக்கும் வாகனத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்:

சிறிது நேரமேனும் நினைவு தப்புதல், வலிப்பு, வரவர மிகும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, கழுத்து வலி, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிதல், கை கால் மரத்துப் போதல் அல்லது வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல், ஆளடையாளம் தெரியாமை, வரவர மிகும் குழப்பம் அல்லது முரட்டுத்தனம், எழுப்பினாலும் எழ முடியாத உறக்கம், கண்மணிகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருத்தல், காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் வடிதல்.

பின்வருவன மூளை அதிர்ச்சியின் பொதுவான அறிகுறிகள்: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெறித்த பார்வை, தள்ளாட்டம், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, மறதி, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டல், காரணமின்றி அழுதல் அல்லது எரிந்து விழுதல். இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்து விட்டது. அதே நாளில் அவரை மருத்துவரிடமோ, பெரியவர்கள் "டிரெஸர்" என்று அழைக்கும் மருத்துவ உதவியாளரிடமோ காட்ட வேண்டும்.

ஐயமிருப்பின், எளிய கேள்விகள் சில கேட்டுப் பார்க்கலாம். "இப்போது எந்தத் திடலில் ஆடுகிறோம்? இது முதற்பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகக் கோல் போட்டவர் யார்? போன ஆட்டத்தில் யாருடன் ஆடினோம்? அதில் வென்றோமா?" ஒன்றுக்கேனும் விடை தடுமாறினால் வெளியேற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் சரியாக விடை சொன்னாலும், ஐயம் தீராவிடில் வெளியேற்றுவதே முறை. "ஐயமிருந்தால் அமர வை" என்பதே உலகெங்கும் இன்று பின்பற்றப்படும் விதி.

செய்யத் தகுந்தவையும் தகாதவையும்

அடிபட்டவர் மயங்கிக் கிடந்தால், கைகளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தக்கூடாது. கழுத்தெலும்பிலும் காயம் இருக்கலாம். மூச்சு விடுகிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். தலையையும் கழுத்தையும் அசைக்காமல் பிடித்துக் கொண்டு உதவிக்கு அழைக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால், மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் உள்ளது. இதனால் பயன் எதுவுமில்லை. வாயில் துணியையோ கரண்டியையோ திணிப்பது தீமையே பயக்கும். சுற்றியுள்ள பொருள்களை அகற்றி, வலிப்பு நின்றதும் கழுத்து திருகாமல் பக்கவாட்டில் படுக்க வைப்பதே சரியான முறை. பிளந்த காயத்தில் காப்பித் தூளையோ மஞ்சள் தூளையோ அப்பக்கூடாது. தூய துணியால் அழுத்திக் கட்டினால் போதும்.

அடிபட்டவரைத் தனியே விடக்கூடாது. முக்கியமாக, மோட்டார் சைக்கிளில் அவரே வீடு திரும்ப இடமளிக்கக்கூடாது. திடலில் தப்பியவர் சாலையில் விழுவதற்கு அதுவே வழி. ஆட்டம் முடிந்ததும் கள்ளோ, பீரோ, சம்சுவோ அருந்தும் பழக்கம் உள்ளவர்கள், அன்று அதனைத் தொடவே கூடாது. மது மூளைக்குத் தீங்கு செய்வது ஒருபுறமிருக்க, தள்ளாடுவதும் குழறுவதும் போதையாலா, மூளைக் கசிவாலா என்று வீட்டார்க்குத் தெரியாமற் போய் விடும். "குடித்து விட்டுப் படுத்திருக்கிறார்" என்று விட்டு விடுவர். விடிந்தால் நிலைமை கைமீறியிருக்கும். மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளையும் உட்கொள்ளக்கூடாது; அவை இரத்தக் கசிவை மிகுவிக்கலாம்.

அடிபட்டவரை உறங்க விடக்கூடாது என்பது பழைய நம்பிக்கை. மருத்துவர் பரிசோதித்து வீட்டுக்கு அனுப்பியவர் உறங்கலாம். உறக்கம் அவருக்கு நல்லதே. ஆயினும் முதல் இரவில் ஒருவர் உடனிருந்து கவனித்துக் கொள்வது நலம்.

மீண்டும் திடலுக்கு எப்போது?

2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய உலக விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள், ஆராய்ந்து வகுத்த வழிமுறைகளை 2023-இல் வெளியிட்டனர். இருட்டறையில் பல நாள் படுத்திருக்க வேண்டும் என்ற பழைய கருத்து அதில் கைவிடப்பட்டது. முதல் ஒன்றிரண்டு நாள் மிதமான ஓய்வு போதும். வீட்டுக்குள் நடமாடலாம். கைப்பேசித் திரையை இவ்விரு நாளில் குறைத்துக் கொள்ள வேண்டும். அதன் பின்னர் ஆறு படிகளில் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

முதற்படி, அன்றாடச் சிறு வேலைகள். இரண்டாம் படி, நடைப்பயிற்சி போன்ற இலேசான உடற்பயிற்சி. மூன்றாம் படி, தனியாக ஓடுதல், பந்தை உருட்டுதல். நான்காம் படி, மோதல் இல்லாத கூட்டுப் பயிற்சி. ஐந்தாம் படி, மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின் முழுப் பயிற்சி. ஆறாம் படி, போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் தேவை. அறிகுறிகள் அதிகரித்தால் நிறுத்தி, மறுநாள் முயல வேண்டும். நான்காம் படிக்குப் போகுமுன் அறிகுறிகள் அறவே நீங்கியிருக்க வேண்டும்.

பெரும்பாலான பெரியவர்கள் இரண்டு வாரத்தில் குணமடைகின்றனர். சிறுவர்களுக்கு நான்கு வாரம் வரை ஆகலாம். மருத்துவர் உடனிருந்து கண்காணிக்காத அடித்தள ஆட்டங்களுக்கு, 21 நாள் கழியுமுன் எவரும் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்று 2023-இல் பிரிட்டன் விதித்தது. மூன்று வாரம் என்பது எளிதில் நினைவிற் கொள்ளத்தக்க கணக்கு; நம் தோட்டக் குழுக்களும் இதனையே கைக்கொள்ளலாம். மாணவர்களைப் பொறுத்தவரை, முழுமையாகப் பள்ளிக்குத் திரும்பிய பின்னரே போட்டிக்குத் திரும்ப வேண்டும்.

வேலைக்குப் போகலாமா?

ஞாயிற்றுக்கிழமை அடிபட்டவர் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக நினைப்பது இயல்பே. ஆனால், அவர் செய்யும் வேலை எத்தகையது? நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்துக் குலை வெட்டுகிறார். இருபது கிலோவுக்கு மேற்பட்ட முட்குலை எந்தப் பக்கம் விழும் என்று கணித்து விலகுகிறார். டிராக்டர் ஓட்டுகிறார்; மருந்து தெளிக்கிறார். தலைசுற்றலும் மங்கிய பார்வையும் உள்ளவர் செய்யக்கூடிய பணிகளா இவை?

மருத்துவர் சான்றிதழ் அளித்தால், சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்புப் பெற, 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தொழிலாளர்க்கு உரிமை வழங்குகிறது. ஈராண்டுக்குக் குறைவாகப் பணி புரிந்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் பணியாற்றியவருக்கு 18 நாள். அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தால் அதற்கு 60 நாள் வரை உண்டு. எனவே, கூலி போய் விடுமே என்றஞ்சித் தலைக்காயத்தை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிச் சான்றிதழ் பெறுவதே அறிவுடைமை.

தலையால் முட்டுவது தீங்கா?

காற்பந்தின் எடை 410 முதல் 450 கிராம். அதனை நெற்றியால் முறையாக முட்டும்போது மூளை அதிர்ச்சி ஏற்படுவது அரிது. பந்தை முட்டத் தாவும் இருவரின் தலைகள் மோதுவதே பெரும்பாலும் காரணமாகிறது. ஆயினும், பல்லாண்டுகள் ஆயிரக்கணக்கான முறை முட்டுவதால் பிற்காலத்தில் தீங்கு விளையுமா என்ற கேள்வி இன்று வலுவாக எழுந்துள்ளது.

இங்கிலாந்தின் முன்னாள் ஆட்டக்காரர் ஜெப் ஆஸ்டில், 2002-இல் தம் 59-ஆம் வயதில், மூளை நலிவு நோயால் மரணமடைந்தார். தலையால் கோல் போடுவதில் வல்லவர் அவர். அவரது மரணம் தொழிலால் வந்த நோயின் விளைவு என அதிகாரபூர்வ விசாரணை கூறியது. 2019-இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7,676 முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பொதுமக்கள் 23,028 பேருடன் ஒப்பிட்டனர். மூளை நலிவு நோய்களால் ஆட்டக்காரர் இறந்த விகிதம் ஏறத்தாழ மூன்றரை மடங்காக இருந்தது. அதே வேளையில், இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் அவர்கள் இறந்தது குறைவு. 2021-இல் வெளியான தொடர் ஆய்வில், கோல்காவலர்களுக்கு இவ்வபாயம் மிகவில்லை என்பதும், அதிகமாகத் தலையால் முட்டும் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கே மிகுதி என்பதும் தெரிந்தன.

நம் நாட்டு வாசகர்களுக்கு இங்கே ஒரு பெயர் நினைவுக்கு வரும். ஆறுமுகம், சந்தோக் சிங் முதலியோருடன் சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் புகழ் தேடித் தந்த மொக்தார் டஹாரி, 1991 ஜூலை 11-ஆம் நாள், 37 வயதில், இயக்க நரம்பு நோயால் மறைந்தார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக நலியும் நோய் அது. அவருக்கு அந்நோய் காற்பந்தால் வந்தது என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. நாமும் அவ்வாறு கூறலாகாது. ஆனால், கிளாஸ்கோ ஆய்வில் முன்னாள் ஆட்டக்காரர்களிடம் மிகுந்து காணப்பட்ட நோய்களுள் இதுவும் ஒன்று என்பதை அறிந்து வைத்தல் நன்று.

இவ்வாய்வு தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பற்றியது. வாரம் ஒரு முறை மாலையில் ஆடுபவர் அஞ்ச வேண்டியதில்லை. எனினும், சிறுவர்களின் கழுத்துத் தசை வலுப்பெறாதது. அமெரிக்கக் காற்பந்துச் சங்கம் 2015-இல் பத்து வயதுக்குட்பட்டோர் தலையால் முட்டுவதைத் தடை செய்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துச் சங்கங்கள் 2020-இல் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியினின்றும் அதனை நீக்கின. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதலில் கால் திறனையே கற்பிக்கலாம்.

போட்டி நடத்துவோர் கவனத்திற்கு

அடிபட்டவர் ஏன் தொடர்ந்து ஆடுகிறார்? மாற்று ஆட்டக்காரர் தீர்ந்து விட்டார் என்பதே பல வேளைகளில் உண்மையான காரணம். இதனை உணர்ந்து, மூளை அதிர்ச்சிக்கென ஒவ்வொரு குழுவுக்கும் கூடுதலாக ஒரு மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்க, 2024 ஜூலை 1 முதல் காற்பந்து விதிகளில் வழி செய்யப்பட்டுள்ளது. போட்டியை நடத்துவோர் விரும்பினால் இதனை ஏற்கலாம். நம் தோட்டப் போட்டிகளுக்கும் இது பொருந்தும். மேலும், குழுவில் அங்கம் பெறாத ஒருவரை, "இவரை வெளியேற்று" என்று சொல்லும் அதிகாரத்துடன் நியமிக்கலாம். வெற்றியில் பங்கில்லாதவர் சொல்லுக்கே நடுநிலை உண்டு. திடலுக்கு அருகில் ஒரு வாகனம், அதை ஓட்ட ஒருவர், முதலுதவிப் பெட்டி ஒன்று ஆகியவையும் ஆட்டம் முடியும் வரை இருத்தல் வேண்டும்.

இதனை எழுதும்போது என் மனத்தை உறுத்தும் ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. ஆசிரியர் பணியில் இருந்த இளம் வயதில், பள்ளிக் குழு ஒன்றுக்கு நான் பொறுப்பாசிரியனாக இருந்தேன். ஓர் ஆட்டத்தில் மாணவன் ஒருவன் கோல் கம்பத்தில் தலை மோதி விழுந்தான். எழுந்தவன் என்னைப் பார்த்து, "சார், நாம எந்தப் பக்கம் கோல் போடணும்?" என்று கேட்டான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தனர், நானும் சிரித்தேன். திசையைக் காட்டி ஆட அனுப்பினேன். அவன் ஆட்டத்தை முடித்தான்; மறு வாரம் முழுவதும் தலைவலியுடன் வகுப்பில் தலை கவிழ்ந்திருந்தான். பின்னர் நலமடைந்தான். அவன் தப்பியது என் அறிவால் அன்று, அவன் நற்பேற்றால். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அன்று தெரிந்திருக்குமானால், அவனைத் தோளில் சாய்த்து வெளியே அழைத்து வந்திருப்பேன்.

இளைஞர்களே! வலியைப் பொறுத்துக் கொண்டு ஆடுவது வீரந்தான். ஆனால், கால் வலியும் தலை அதிர்ச்சியும் ஒன்றல்ல. உங்கள் நண்பன் தடுமாறுவதை முதலில் காண்பவர் நீங்களே. அவனைக் காட்டிக் கொடுப்பதாக எண்ணாமல் நடுவரிடம் சொல்லுங்கள். பெற்றோர்களே! பிள்ளை திடலிலிருந்து திரும்பியதும், "வென்றாயா?" என்று கேட்பதோடு, "எங்கேனும் அடிபட்டதா?" என்றும் கேளுங்கள்.

இந்த ஞாயிறு இல்லாவிடினும் அடுத்த மாதம் ஆடலாம். இந்தக் கிண்ணம் போனாலும் அடுத்த கிண்ணம் உண்டு. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். ஆகவே, தலையில் அடிபட்ட பின்னும் ஆடலாமா என்ற கேள்விக்கு விடை இதுவே: அன்று ஆடலாகாது, மூன்று வாரம் பொறுத்து, முழு நலம் பெற்று, மருத்துவர் ஒப்புதலுடன் ஆடலாம்.